எழுபத்தொன்றா, பதினொன்றா

"துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே."

மூவாற்று ஜெர்மானியக் கைத்துப்பாக்கி ஆய்வுப் பேரவையின் வேதவாக்கு இது. கொடியில் தைத்திருந்தார்கள். காப்பிக் கோப்பையில் அச்சடித்திருந்தார்கள். முன்னாள் தலைவர் ஒருவர் தன் கல்லறைக் கல்லிலும் இதையே செதுக்கச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். அந்தக் கல்லைப் பார்த்த மறுவாரமே அவர் மனைவி ஓஹையோவுக்குக் குடிபோய்விட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, இந்த வேதவாக்கு பிறந்ததற்கும் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பென்சில்வேனியாவுக்குத் திரும்பி வந்த பையன்கள் ஆளுக்கொரு லூகர் என்கிற ஜெர்மன் கைத்துப்பாக்கியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டால் ஒவ்வொருவனும் ஒரு ஜெனரலின் இடுப்பிலிருந்து பிடுங்கினதாகச் சொன்னான். அத்தனையையும் நம்பினால் ஜெர்மன் படையில் சிப்பாய் என்று ஒருத்தன்கூட இருந்திருக்க முடியாது. அப்புறம் வியாபாரிகள் நுழைந்தார்கள். துப்பாக்கிக்கு ஒரு விலை, கூட வரும் கதைக்கு ஒரு விலை. ஏமாந்து சூடுபட்ட பூனைகள் கூடி ஆரம்பித்ததுதான் பேரவை. அதுவரைக்கும் நியாயம். ஆனால் கதை விற்றுப் பிழைக்கிறவனை விரட்ட எடுத்த தடியை, கதையைச் சுமந்துகொண்டு செத்துக்கொண்டிருக்கிறவன் தலையிலும் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

பெர்னி ஹுடாக் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். மொனங்கஹேலா ஆற்றங்கரையில், இரும்பாலை மூடிப் பத்து வருஷம் ஆகியும் இன்னும் ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கே சாப்பிடுகிற ஊர் அவனுடையது. அவன் அப்பா எமில் ஹுடாக் அந்த ஆலையின் கரி உலையில் ஆயுசு முழுக்க வெந்தவர். இப்போது முன்னாள் படைவீரர் இல்லத்தில் மூக்கில் குழாயோடு கிடந்தார். நுரையீரல் போய்விட்டது. சர்க்கரை நோயில் கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

போரைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், பெர்னி ஊட்டிய ஹலுஷ்கி நூடுல்ஸை இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, முட்டைக்கோசு வேகவே இல்லை என்று திட்டிவிட்டு, திடீரென்று கேட்டார்.

"டேய், அலமாரி மேல்தட்டுல ஒரு காலுறை இருக்கும். அதுக்குள்ள அது இருக்கா?"

"இருக்குப்பா. யாரு அதைத் தொடப்போறா?"

"அதுக்குள்ள ஒரு ஊசி இருக்கும். தோட்டா முதுகுல போய்க் குத்துமே, அந்த ஊசி. அதுல நம்பர் அடிச்சிருப்பான். அந்த நம்பரைப் பார்த்துச் சொல்லணும்டா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு வாங்கி வாங்கி, சொன்னார். நாற்பத்தைந்து ஏப்ரலில் ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊர். சரணடைந்தவர்கள் ஆயுதங்களைப் பள்ளிக்கூடத்தில் குவித்து வைத்திருந்தார்கள். எமிலும் அவர் தோழன் வெண்டல் டாக்கெட்டும் ஆளுக்கொரு லூகரை எடுத்துக்கொண்டார்கள். வெண்டல் கென்டக்கிக்காரன், மாட்டுக்குக்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணி காட்டுகிற ஆள். அன்றைக்கு ராத்திரி மாட்டுத் தொழுவத்தில் ஒரே கம்பளியை விரித்து இரண்டு துப்பாக்கியையும் கழற்றித் துடைத்தார்கள். மறுநாள் காலை ஒரு வீட்டு நிலவறைக்குள் இறங்க வேண்டி வந்தது. படி குறுகல். நீளத் துப்பாக்கி திரும்பாது என்று வெண்டல் லூகரை நீட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான். எமில் பின்னால்.

"கீழ ஒருத்தன் நின்னான். வெண்டல் விசையை அழுத்தினான். 'க்ளிக்'குனு ஒரு சத்தம்டா பெர்னி. அவ்வளவுதான், வெடிக்கல. அடுத்தது கீழ இருந்து வந்துச்சு."

பெர்னி கரண்டியைக் கீழே வைத்தான்.

"லூகர்ல ஒவ்வொரு உறுப்பையும் அந்தந்தத் துப்பாக்கிக்கே ராவி ராவிப் பொருத்துவான். அதனாலதான் துப்பாக்கியோட கடைசி ரெண்டு நம்பரை எல்லா உறுப்புலயும் அடிப்பான். ஒண்ணோட ஊசியை இன்னொண்ணுல போட்டா குத்தினாலும் குத்தும், குத்தாமலும் போகும். அன்னிக்கு ராத்திரி அவன் பாடிக்கிட்டே இருந்தான். ரெண்டையும் மாட்டினது என் கைதான். நான் நம்பரைப் பார்க்கல."

"நீங்களே அப்புறமாத் திறந்து பார்த்திருக்கலாமேப்பா?"

"உலைக்குள்ள கையை விடுன்னா விட்டிருப்பேன்டா. இதைத் திறக்க முடியல." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "எல்லா நம்பரும் ஒண்ணா இருந்துச்சுன்னா மாத்திப் போடலைன்னு அர்த்தம். என் ஊசி என்கிட்ட, அவன் ஊசி அவன்கிட்ட. நான் அவனைக் கொல்லல."

ஆக, பெர்னிக்கு வேண்டியது இரண்டே இலக்கம். துப்பாக்கியின் மேல் எண் எழுபத்தொன்றில் முடிகிறது. ஊசியிலும் எழுபத்தொன்று இருக்கிறதா இல்லையா? ஒரு திருப்புளியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால், கழற்றத் தெரிந்தவனுக்கு ஐந்து நிமிஷ வேலை. பெர்னிக்குத் தெரியாது.

ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரர் ஸ்டான் வ்ராபெல் காலுறையைப் பிரித்துப் பார்த்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"ஐயையோ, நான் தொடமாட்டேன்பா. ஒரு கீறல் விழுந்தா பேரவைக்காரங்க என்னை உசிரோட எரிச்சிடுவாங்க. போன வருஷம் ஒருத்தன் இதுமாதிரி ஒண்ணுக்கு எண்ணெய் போட்டான். அவனோட பொண்டாட்டி அண்ணன்கூட அவன்கிட்டப் பேசறதில்லை."

"எனக்கு விலை வேண்டாம் ஸ்டான். நம்பர் மட்டும் போதும்."

"அப்படிச் சொல்லாதே, சந்தேகப்படுவாங்க. சனிக்கிழமை பொருட்காட்சித் திடல்ல அவங்க ஆண்டுக்கூட்டம். அங்க கொண்டு போ. நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கோ."

பேரவை கூடியது கன்றுக்குட்டிப் போட்டி நடக்கிற கொட்டகையில். வாரம் முழுக்கக் கழுவியும் கன்றுக்குட்டி வாசம் போகவில்லை. வாசலில் ஒரு மேசை. அதன்மேல் பலகை: 'கதைகளை இங்கே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லவும்.' மேசைக்குப் பின்னால் டாரத்தி என்கிற பருமனான அம்மாள், மடியில் டோநட் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கதை ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"என்னம்மா?"

"துப்பாக்கியோட வந்த கதை. உள்ள கதையோட போகக் கூடாது. இங்க சொல்லிட்டு டோக்கன் வாங்கிக்கணும். போறப்ப டோக்கனைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிடலாம்."

"இங்க சொன்னா நீங்க உள்ள சொல்வீங்களா?"

"சொன்னா என் வேலை போயிடும்."

வேறு வழியில்லாமல் பெர்னி சொன்னான். வெண்டலைச் சொன்னான், கம்பளியைச் சொன்னான், படிக்கட்டைச் சொன்னான். டாரத்தி வாய்க்குக் கொண்டுபோன டோநட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். "காலையில இருந்து ஆறு ஜெனரல் வந்துட்டாங்க தம்பி. உன்னோடதை எங்க வைக்கிறதுன்னே தெரியலை" என்று சொல்லி ஒரு சிவப்பு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அவனோடு பேசிய மனிதப் பிறவி அவள் ஒருத்திதான்.

உள்ளே மேடையில் ஏழு பேர், வெள்ளைக் கையுறையோடு. நடுவில் தலைவர் வின்த்ரப் ஹேல். தொழிலில் பல் மருத்துவர். போருக்குப் போனதில்லை, தட்டைப் பாதம் என்று படையில் எடுக்கவில்லை. அதற்காக யாரும் மனுஷனைக் குறை சொல்ல வேண்டாம், பாதம் அவர் செய்ததல்ல. ஆனால் எல்லாரும் அவரைக் 'கர்னல்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பேரவைத் தீர்மானம் ஒன்று இருந்தது. அதை முன்மொழிந்தவரும் அவரே.

பெர்னியின் காலுறையை ஒரு வெல்வெட் தலையணைமேல் வைத்தார்கள். தலைவர் எழுந்து மைக்கைத் தட்டினார்.

"அன்பர்களே! மனிதன் பொய் சொல்வான். மனைவி பொய் சொல்வாள். போர்வீரன், மன்னிக்கணும், எல்லாரையும்விட அதிகமாகப் பொய் சொல்வான். இரும்பு சொல்லாது. இந்தப் பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு போர்வீரன் சொன்ன கதைகூட உண்மை என்று இங்கே நிரூபணமானதில்லை என்பதை நான் பெருமையோடு அறிவிக்கிறேன். ஏனென்றால், நாம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை!"

கைதட்டல் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்களைக் கிளப்பிவிட்டது.

முதலில் மேற்பூச்சுக் குழு. அதன் உறுப்பினர் ஒருவர் காலுறையிலிருந்து துப்பாக்கியை உருவி, விளக்கடியில் பிடித்து, மூக்கை வைத்து மோந்துபார்த்து, தள்ளாடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ இதைப் பாலிஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. ஆலையில போட்ட நீலப் பூச்சு முழுக்கப் போச்சு. யாரு? யாரு செஞ்சது?"

"எங்க அம்மாங்க" என்றான் பெர்னி. "ஈஸ்டர் வந்தா வீட்டுல இருக்கிற கரண்டி, கதவுக் கைப்பிடி எல்லாத்தையும் தேய்ப்பாங்க. அப்பா அதைக் கையால தொடமாட்டாரு. அதனால இதையும் அவங்களே எடுத்துத் தேய்ச்சு வச்சிருவாங்க."

"அவங்க இப்ப எங்க?"

"இறந்துட்டாங்க."

"அப்படின்னா இனிமே தொடர வாய்ப்பில்லை" என்று செயலாளர் லெஸ்டர் நிம்மதியோடு குறித்துக்கொண்டார்.

மறைந்த நீலப் பூச்சுக்காக ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தலாம் என்று தலைவர் சொல்ல, கொட்டகையே எழுந்து நின்றது. பெரிய பெரிய ஆம்பிளைகள் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெர்னியும் நின்றான். வெண்டல் டாக்கெட்டுக்காக யாராவது இப்படி எழுந்து நின்றார்களோ என்னவோ, அவனுக்குத் தெரியாது. இந்த நிமிஷம் அவனுக்காக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்தது பூர்வீகக் குழு. அவர்களுடைய அறிவைப் பார்த்துப் பெர்னிக்கு வாய் பிளந்துவிட்டது. நெக்கர் ஆற்றங்கரை ஆலையில், நாற்பதாம் வருஷம் இலையுதிர்காலத்தில் பிறந்த துப்பாக்கி என்றார்கள். கழுகு முத்திரை கொஞ்சம் சாய்ந்திருப்பதால் குத்தினவர் இடதுகைக்காரர் என்றார்கள். ஆழம் குறைவாக இருப்பதால் அன்றைக்கு அவருக்குச் சளி பிடித்திருக்கலாம் என்றார் ஒருவர். இல்லை, அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அந்தச் சந்தோஷத்தில் கை நழுவியது என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் சளியா கல்யாணமா என்று வாதம் நடந்தது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி. வெண்டல் செத்ததற்குப் பெயர்தான் கதை.

"ஐயா" என்று பெர்னி எழுந்தான். "எனக்கு ஊசியில என்ன நம்பர்னு மட்டும் பார்த்துச் சொன்னீங்கன்னா..."

"வரிசை தப்பு" என்றார் லெஸ்டர். விதிப்புத்தகத்தில் விரல் வைத்திருந்தார்.

மதியம் ஒரு மணிக்கு ஊசி வெளியே வந்தது. தலைவர் பல்லைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பெர்னியின் உள்ளங்கை வேர்த்து டோக்கன் நனைந்துவிட்டது.

"ம்ம். இரண்டாவது இலக்கம் ஒன்று. சந்தேகமில்லை."

"முதல் இலக்கம்?"

"அதுதான் தேய்ந்திருக்கிறது."

ஏழு பேரும் மாறி மாறிக் குனிந்தார்கள். ஏழு என்றார்கள் சிலர். ஜெர்மன்காரன் ஒன்று என்கிற இலக்கத்துக்கும் தலையில் கொண்டை வைப்பான், இது கொண்டை வைத்த ஒன்று, ஆக பதினொன்று என்றார்கள் சிலர். எழுபத்தொன்று என்றால் துப்பாக்கியின் சொந்த ஊசி. பதினொன்று என்றால் வேறெதிலிருந்தோ வந்தது. பெர்னிக்குத் தன் அப்பாவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

"எங்கிட்டக் குடுங்க, நான் பார்க்கிறேன்" என்று கை நீட்டினான்.

"கையுறை?" என்றார் லெஸ்டர்.

"இல்லைங்க."

"உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கையுறை."

சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாதாகோயில் பெண்கள் ஹாம் சாண்ட்விச் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தலைவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

"கருத்து வேறுபாடு இருப்பதால் விதிப்படி வாக்கெடுப்பு."

"வாக்கெடுப்பா?" பெர்னி மேடைப் பக்கம் நகர்ந்தான். "ஐயா, அது நம்பருங்க. ஓட்டுப் போட்டா அது மாறுமா? எங்க அப்பா அங்க செத்துக்கிட்டு இருக்காரு. அந்த ஊசி மாறிப்போச்சா இல்லையான்னு ஆயுசு பூரா அவரு தூங்கலை. ஒரு படிக்கட்டுல அவரோட தோழனை..."

மணி விடாமல் அடித்தது. "கதை! கதை!" என்று கொட்டகையின் பின்வரிசையிலிருந்து கத்தினார்கள்.

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார். மோசமான மனுஷன் என்று சொல்ல முடியாது. குரலில் கனிவுகூட இருந்தது. "இதைப் பாருங்க தம்பி. உங்களுக்கு ஒருத்தருக்காக நாங்க கதை கேட்டோம்னு வைங்க. நாளைக்கு எல்லார் கதையையும் கேட்கணும். எல்லாமே மனுஷன் செத்த கதை. அதுக்கப்புறம் எங்களால துப்பாக்கியை ரசிக்கவே முடியாமப் போயிடும். அதையும் நீங்க யோசிக்கணும், இல்லையா?"

கைகள் உயர்ந்தன. எழுபத்தொன்று என்று மூன்று. பதினொன்று என்று மூன்று. ஏழாவது ஆள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மரவியாபாரி. எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"நான் மனசில ஒண்ணும் வெளியில ஒண்ணும் வச்சுப் பேசறவன் இல்லை. எங்கிட்டயும் இதே வருஷத்து, இதே ஆலை லூகர் ஒண்ணு இருக்கு. எல்லா நம்பரும் பொருந்தினது. இந்த வட்டாரத்திலேயே அது ஒண்ணுதான். இதுவும் பொருந்திடுச்சுன்னா என்னுது ரெண்டுல ஒண்ணு ஆயிடும். அதனால எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமச் சொல்றேன், இது பதினொண்ணு."

அவருடைய நேர்மைக்குக் கைதட்டினார்கள். நாலுக்கு மூன்று. தங்க முத்திரை அழுத்திய சான்றிதழில் லெஸ்டர் எழுதினார்: 'இத்துப்பாக்கியின் ஊசி, பெரும்பான்மை முடிவின்படி, இதற்குரியதல்ல.' அத்தோடு எல்லாரும் சாண்ட்விச்சுக்குக் கிளம்பினார்கள்.

வாசலில் டாரத்தி டோக்கனுக்குக் கையை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு டோநட்டைக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

துப்பாக்கியைக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, பெர்னி படைவீரர் இல்லத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தான். என்னத்தை யோசிக்க? பொருந்தவில்லை என்று சொன்னால் அப்பா கொலைகாரனாகச் சாவார். அதுவும் எதன் பேரில்? ஒரு மரவியாபாரியின் வயிற்றெரிச்சல் பேரில். நாலு பேர் ஓட்டுப் போட்டால் என் அப்பன் கொலைகாரனா? போங்கடா என்று ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினான். பாலம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேருந்தில் பிள்ளைகளை எண்ணுகிற அதட்டல் குரலில், ஒரு மூச்சில் சொன்னான்.

"பார்த்துட்டாங்கப்பா. எழுபத்தொண்ணு. எல்லாமே பொருந்துது."

எமில் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"யாரு பார்த்தது?"

"ஏழு பேருப்பா. வெள்ளைக் கையுறை போட்ட ஏழு பேரு. பெரிய ஆராய்ச்சிக்காரங்க. முத்திரை குத்தினவனுக்குச் சளி பிடிச்சிருந்ததைக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளுங்க. இந்தாங்க, சான்றிதழ்."

எமில் அந்தக் காகிதத்தை வாங்கி, தங்க முத்திரையின் மேடு பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். உதடு கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. பெர்னி அவர் நெற்றியைத் துடைத்துவிட்டான். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் மாத்திப் போடலை" என்றார் எமில்.

"போடலைப்பா."

"அவன் ஊசி அவன்கிட்டத்தான் இருந்திருக்கு."

"ஆமாப்பா. நிம்மதியாத் தூங்குங்க."

தூங்கவில்லை. முத்திரையைத் தடவிக்கொண்டே இருந்த விரல் நின்றுபோனது.

"அப்ப அந்தச் சத்தம் என்னடா?"

"எந்தச் சத்தம்?"

"க்ளிக்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது.

"ஊசி சரியா இருந்து வெடிக்கலைன்னா..." எமில் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தார். "குண்டு இல்லைடா. குண்டே இல்லை. அன்னிக்குச் சாயங்காலம், துடைக்கிறதுக்கு முன்னாடி, வேலிமேல பாட்டிலை வச்சுச் சுட்டு விளையாடினோம். என்னோடது தீர்ந்துபோச்சு. 'உன்னோடதைக் குடுடா, ஒரே ஒரு தடவை'ன்னு அவன்கிட்ட வாங்கி நான்தான் சுட்டேன். சுட்டுக்கிட்டே இருந்தேன். திருப்பிக் குடுக்கிறப்ப அதுல குண்டு இருக்குன்னு சொன்னேன். நான் பார்க்கலை. இருக்குன்னு சொன்னேன்."

"அப்பா..."

"எனக்கே தெரியாம, ஊசியா இருக்கட்டும், ஊசியா இருக்கட்டும்னுதான் வேண்டிக்கிட்டே இருந்திருக்கேன். ஊசின்னா கை தவறினது. கடவுள்கூட மன்னிச்சிருவாரு. நான் மாத்தலைன்னு கேட்டா நிம்மதியாயிடும்னு நினைச்சேன். இதை நான் யோசிக்கவே இல்லைடா. யோசிக்காம இருந்திருக்கேன்."

"அப்பா, நான் பொய் சொன்னேன்!" பெர்னி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமாப் பொய். பொருந்தலைப்பா. ஊசி மாறித்தான் இருக்கு. பதினொண்ணுன்னுதான் சொன்னாங்க. மூணு பேரு எழுபத்தொண்ணுன்னாங்க, மூணு பேரு பதினொண்ணுன்னாங்க, அப்புறம் ஓட்டுப் போட்டாங்க. மரவியாபாரி ஒருத்தன், அவன்கிட்டயும் இதேமாதிரி ஒண்ணு இருக்காம், அதனால பதினொண்ணுன்னு கை தூக்கிட்டான். நாலுக்கு மூணு. அந்தக் காகிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. நர்ஸைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லட்டுமா?"

எமில் ஒளி மங்கிய கண்ணை மகன் பக்கம் திருப்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயசில் பெர்னி ஜன்னலை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டபோது பார்த்த அதே பார்வை.

"நர்ஸுகிட்டயும் சொல்லி வச்சிட்டியா?"

"இல்லைப்பா..."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா" என்றார். "நம்பரைப் படிப்பாங்களா, ஓட்டுப் போடுவாங்களா? ஏழு பேரு, வெள்ளைக் கையுறை போட்டவங்க, படிச்சவங்க. அவங்க எழுபத்தொண்ணுன்னு பார்த்துச் சொன்னதை என்கிட்ட இப்ப மாத்திச் சொல்றியே. அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு எவ்வளவு பாடுபடற. நீ நல்ல பிள்ளைடா பெர்னி."

அவன் கையைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சான்றிதழை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.